பச்சைத் தண்ணீர்

குணவதியிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகும் பெரும்பாலும் குடிக்க மாட்டாள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் கைப்பையில் சொந்தப் போத்தல் இருக்கும். "எனக்கு இருக்குங்க" என்று அதை எடுத்துக் காட்டுவாள். சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங் பகுதியில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் அவளுக்குத் 'தண்ணிக்கார அக்கா' என்று பெயர். அதில் கொஞ்சம் கேலி உண்டு. குழாய் நின்றுபோகும் நாட்களில் மட்டும் கேலி எங்கோ போய்விடும். அன்றைக்கு அந்தத் தெருவே வாளியும் கையுமாக அவள் வாசலில் நிற்கும்.

சுங்கைப் பட்டாணிக்காரர்களுக்குக் குழாய் நிற்பது புது விஷயமில்லை. மேலே மலையில் பெரிய மழை பெய்தால் ஆறு சேறாகும், சேற்றைச் சுத்தம் செய்ய முடியாமல் நிலையத்தை மூடுவார்கள். மழையே பெய்யாவிட்டால் ஆற்றில் தண்ணீர் இருக்காது, அப்போதும் மூடுவார்கள். வானம் எதைச் செய்தாலும் குழாய் காற்றுதான் விடும். எல்லோரும் ஒரு நாள் முகநூலில் திட்டிவிட்டு, மறுநாள் தண்ணீர் வந்ததும் காரைக் கழுவப் போய்விடுவார்கள். குணவதியால் அப்படி மறக்க முடியவில்லை. அவள் கோபம் முழுக்க அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவள் பிறந்தது பெண்டாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் சுங்கைப் பட்டாணிக்கு வந்து கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். முதல் மூன்று வருடம் கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலை. பிறகு தண்ணீர்ப் பிரிவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, மேற்பார்வையாளர் அடுக்கு வரிசையைப் பார்த்து, "நீ வா" என்றார். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பதவி உயர்வு. கையுறை செய்ய ஓர் ஆறே ஓடுகிற மாதிரி தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் கலங்கலாக வரும். ஆறு கண்ணாடிக் குவளைகளில் அதை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டு, கலக்கி, எந்தக் குவளையில் அழுக்கு முதலில் அடியில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவைத்தான் பெரிய தொட்டிக்குப் போட வேண்டும். இருபத்தொரு வருடம் தினமும் காலையில் அவள் இதைச் செய்தாள். தண்ணீரின் முகத்தைப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் தெளிவாக இருப்பது சுத்தமாக இருப்பதாகாது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். இந்த ஒரு விஷயத்தை மற்றவர்களுக்குப் புரியவைப்பதில்தான் அவள் பாதி ஆயுள் போயிற்று.

மீதி ஆயுளைக் கணவர் பரஞ்சோதி எடுத்துக்கொண்டார். லாரி ஓட்டியவர். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் விட்டுவிடுவார். ஐம்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் போயிற்று. இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. பிறகு குணவதி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். பெரிய தியாகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. நாள் விட்டு நாள் அந்த மையத்தில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அலுத்துவிட்டது, அதுதான் உண்மை என்பாள். கொடுத்த பிறகு ரசாயன டிரம்களைத் தூக்க முடியாமல் வேலையை விட்டாள். இப்போது வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள்.

அறுவை செய்த கோலாலம்பூர் டாக்டர் ஒரே ஒரு விஷயத்தை மூன்று மொழிகளில் சொல்லி அனுப்பினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி இவரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். சிறுநீரகமும் போகலாம், ஆளும் போகலாம். ஆகவே பச்சைத் தண்ணீர் கூடாது. கொதிக்க வைத்தது மட்டும்தான்.

பரஞ்சோதி அன்றைக்குப் பக்தியோடு தலையாட்டினார். ஊர் திரும்பிய மூன்றாவது மாதமே முஸ்லிம் மாமாக் கடையில் ஐஸ் போட்ட தேநீரோடு பிடிபட்டார். "ஐஸ் எங்கேருந்து வருது, கொதிக்கிற தண்ணியிலேருந்தா?" என்று குணவதி கடைக்காரர் முன்னாலேயே கேட்டாள். அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், தான் பிறந்த தோட்டத்து மாரியம்மனிடம், பிழைத்து வந்தால் ஆடிக் கூழ் என் உபயம் என்று வேண்டியிருந்தார். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, தமிழரும் அதிகம் இல்லை. எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. கோவில் மட்டும் இருக்கிறது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய குடும்பங்கள் எல்லாம் கார்களில் வந்து இறங்கும். அன்றைக்குக் கூழ் ஊற்றும்போது அம்மனுக்குப் படைத்த முதல் சொம்பை உபயகாரர் குடிக்க வேண்டும். அது அங்கே முறை. குணவதி அதை மூன்று வருடம் தள்ளிப்போட வைத்தாள். நான்காவது வருடம் அவர் கேட்கவில்லை. அவளைக் கேட்காமலே கோவில் தலைவர் அய்யாவுவிடம் பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

சரி, கூழ்தானே, வேகிற பொருள்தானே என்று அவளும் இறங்கி வந்தாள். ஆனால் கூழ் சமைக்கிற விதம் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் எங்கே என்று தெரியும். முந்தின நாள் நொய்யையும் கேழ்வரகு மாவையும் வேகவைத்துக் களி மாதிரி கெட்டியாக இறக்கி ஆறவைப்பார்கள். மறுநாள் காலையில் அதில் மோரும் வெங்காயமும் உப்பும் போட்டு, ஏராளமாகத் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். வெந்தது முந்தின நாள். தண்ணீர் விடுவது மறுநாள். அதற்குப் பிறகு அது அடுப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே கரைக்கிற தண்ணீரை மட்டும் வீட்டுக் குழாயில் பிடித்து, கொதிக்க வைத்து எடுத்துப் போவதாக அவள் திட்டம்.

வியாழக்கிழமை மதியம் குழாய் நின்றது.

மலையில் பெய்த மழையில் ஆறு தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டதாம், ஞாயிறு வரை தண்ணீர் வராதாம். தெருவுக்கு லாரியில் வந்த தண்ணீர் வீட்டுக்கு இரண்டு வாளி. குணவதி வீட்டுத் தொட்டியில் இருந்தது குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். அவள் அய்யாவுவுக்குப் போன் செய்தாள்.

"பைப்புல தண்ணி இல்லாட்டி என்னாம்மா? கோயிலு கெணறு இருக்குல்ல" என்றார் அவர். அறுபத்தெட்டு வயது. எதற்கும் பதறாத மனிதர். குணவதிக்கு அவரிடம் பிடிக்காததே அதுதான்.

"அண்ணே, அந்தக் கெணத்துக்கு மேட்டுல செம்பனை ஆளுங்க வீட்டுக் கக்கூசு, ஜம்பான் தொட்டி இருக்குண்ணே. இந்த மழைக்கு எல்லாம் உள்ள எறங்கியிருக்கும்."

"கரகத்துக்கு மொண்டு எடுக்கிற தண்ணிலாம்மா அது. அதுல என்னா கிருமி இருக்கப்போவுது?"

"கரகத்துக்கு எடுக்கிறாங்களா காப்பிக்கு எடுக்கிறாங்களான்னு கிருமிக்குத் தெரியாதுண்ணே."

"நீ ஒங்க ஃபேக்டரி பேச்ச எல்லாம் இங்க பேசாத தங்கச்சி."

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. கிணற்றுத் தண்ணீரையே எடுக்கலாம், ஆனால் அதைச் சுத்தம் செய்து கொதிக்க வைக்கிற பொறுப்பு குணவதியுடையது. "ஒன் இஷ்டம்லா, செஞ்சிக்க" என்றார் அய்யாவு. அவள் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பக்கத்து வீட்டுக் கேதரினிடம் ஒரு பிக்கப் இருந்தது. வெள்ளிக்கிழமை அதில் மூன்று நீலத் தோங்குகளை, ஆள் இடுப்புயர பிளாஸ்டிக் பீப்பாய்களை, ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். கிணற்றுச் சுவரில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. உள்ளே பார்த்த கேதரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைலோ பானத்தின் நிறம். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கிய தடம் கிணற்று ஓரம் வரை தெளிவாகத் தெரிந்தது.

"இதையாக்கா குடிக்கப் போறாங்க?"

"குடிக்கிறதில்ல. கும்புட்டுட்டுக் குடிக்கிறது."

குணவதி ஆறு காலி ஜாம் போத்தல்களை வரிசையாக வைத்தாள். பாசாரில் வாங்கிய படிகாரத்தைப் பொடித்துக் கரைத்து, ஒவ்வொன்றிலும் அளந்து விட்டுக் கலக்கினாள். கால் மணி நேரம் இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். நான்காவது போத்தலில் அழுக்கு பஞ்சு பஞ்சாகத் திரண்டு இறங்கியது. அந்தக் கணக்குக்கே மூன்று தோங்கிலும் போட்டு, முதலில் வேகமாக, பிறகு மெதுவாகத் துடுப்பால் கலக்கி மூடினாள். சனிக்கிழமை காலையில் போனபோது மேல் தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் ஒரு சாண் சேறு. சேற்றைக் கலக்காமல் ரப்பர்க் குழாய் வைத்து மேல் தண்ணீரை மட்டும் இழுத்து, மணல் நிரப்பிய வாளி வழியாக விட்டு, நாலாக மடித்த வெள்ளை வேட்டியில் வடிகட்டினாள்.

அடுப்பு மூட்டிய பெண்கள் சிரித்தார்கள். "அதான் கண்ணாடி மாதிரி ஆயிருச்சே, இன்னும் எதுக்குக்கா கொதிக்க வைக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் என்று குணவதி சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத அம்மனை நம்புகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத கிருமியை மட்டும் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அண்டாவில் தளதளவென்று கொதி வந்து, அந்தக் கொதி நின்று ஆடும் வரை அவள் யாரையும் இறக்க விடவில்லை. முதல் அண்டாத் தண்ணீரில் பெண்கள் கூழைக் கிண்டினார்கள். பிறகு இன்னும் மூன்று அண்டா. ரப்பர் விறகின் புகையில் கண் எரிந்தது, அறுவை செய்த இடது பக்கம் சுருக்கென்று இழுத்தது. மாலை ஐந்து மணிக்கு இரண்டு தோங்கு நிறையக் கொதித்து ஆறிய தண்ணீர் இருந்தது. மூடியைப் போட்டுத் துணியால் வாயைக் கட்டினாள். மார்க்கர் பேனாவால் 'கூழ் கரைக்க மட்டும்' என்று இரண்டிலும் கொட்டை எழுத்தில் எழுதினாள். அய்யாவுவைக் கூட்டி வந்து காட்டினாள். மூன்று முறை சொன்னாள். அவர் மூன்று முறையும் தலையாட்டினார். நம் ஆட்கள் தலையாட்டுவதற்கும் சம்மதிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாற்பத்தேழு வயதில் அவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் முதல் ஆளாகப் போயிருக்க வேண்டும். ஆனால் பரஞ்சோதி மாத்திரை போட வேண்டும், போட்டபின் சாப்பிட வேண்டும், மஞ்சள் வேட்டி கட்ட வேண்டும், கட்டியது சரியில்லை என்று அவிழ்த்துக் கட்ட வேண்டும். அவர்கள் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. இருநூறு பேர் இருக்கும். உறுமி முழங்கிக்கொண்டிருந்தது.

கோவில் தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. வாசலில் இரண்டு பெண்கள் ஒரு தோங்கிலிருந்து தண்ணீர் மொண்டு வருகிறவர்களுக்குக் கால் கழுவ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தோங்கின் மேல் 'கூழ் கரைக்க மட்டும்' என்று எழுதியிருந்தது.

குணவதிக்கு முதலில் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு நாள் வேலை. இன்னொரு தோங்கு எங்கே என்று பார்த்தாள். அது அண்டா கழுவுகிற இடத்தில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. கோவில் பின்பக்கம் ஓடினாள். இரண்டு பெரிய அண்டாக்களில் கூழ் கரைத்து முடித்திருந்தார்கள். பக்கத்தில் கிணற்று வாளி, கயிறோடு, ஈரமாக.

"அண்ணே, இது எந்தத் தண்ணி?"

அய்யாவு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் இருந்ததை நக்கிவிட்டுச் சொன்னார்: "கெணத்துத் தண்ணிதான்."

"நான் எடுத்து வச்சது?"

"அது நெருப்புல வெந்த தண்ணிலாம்மா. ஆடிக் கூழு எதுக்கு ஊத்துறோம்? ஆத்தா குளுந்து போவணும்னுதான். சூடு பட்ட தண்ணிய ஊத்தி அவ வயித்த எரியச் சொல்றியா? கிண்டுறதுக்கு சரி. கரைக்கிறது பச்சத் தண்ணியிலதான். அதான் மொற." பிறகு, அவளைத் தேற்றுவதுபோல, "நீ கஷ்டப்பட்டது வீணாப் போவக்கூடாதுன்னுதான் கழுவிக்க எடுத்துக்கிட்டோம்" என்றார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். அந்த மனிதர் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நிற்கிறார். கிருமி இல்லாத தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு, கிருமி உள்ள தண்ணீரைக் கரைத்துக் குடிக்கப் போகிறார்கள். அதுவும் பக்தியோடு.

அவள் முன்னால் வந்து பரஞ்சோதியைத் தூணோரம் இழுத்தாள்.

"கெணத்துத் தண்ணியில கரைச்சிட்டாங்க. குடிக்காதீங்க. கையில வாங்கி ஒதட்டுல வச்சிட்டுக் குடுத்துருங்க."

"சாமி காரியத்துல ஏமாத்தச் சொல்றியா?"

"டாக்டரு என்னா சொன்னாரு?"

"டாக்டரு சொன்னாரு, டாக்டரு சொன்னாரு. மூணு வருசம் ஒன் பேச்சத்தான் கேட்டேன் குணா. எல்லாரும் பாக்குறாங்க. ஒரு சொம்பு."

"ஒரு சொம்பு போதுங்க."

"அதுல சாவுறதா இருந்தா சாவுறேன். விடு."

சாவுங்கள், ஆனால் என்னுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவுங்கள் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்குமோ என்னவோ. சொல்ல முடியாததால்தான் அடுத்ததைச் செய்தாள்.

உள்ளே மணி அடித்தது. அய்யாவு பித்தளைச் சொம்பில் கூழை மொண்டு அம்மன் முன்னால் வைத்தார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணை மூடினார்கள். குணவதி பின்பக்கம் போனாள். குவளைகளை அலச என்று அவள் கைப்பையில் ஒரு பிளீச் போத்தல் இருந்தது. ஒரு லிட்டர். மூடியைத் திருகி எடுத்து, ஒரு அண்டாவில் பாதி, மற்றதில் பாதி, கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். நீச்சல் குளத்து வாடை குப்பென்று எழுந்தது. வாளிகளோடு வந்த பெண்களைப் பார்த்து, "இதுல பிளீச் ஊத்தியிருக்கேன். யாரும் குடிக்கக்கூடாது" என்று தெளிவாக, இரண்டு முறை சொன்னாள்.

ஒருத்தி வாளியைக் கீழே போட்டாள். குணவதி நிற்கவில்லை. முன்னால் பரஞ்சோதி இரண்டு கையாலும் சொம்பை ஏந்தி வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவள் சொம்பின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவர் விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் குழந்தைகள் பொம்மைக்குச் சண்டை போடுவதுபோல் இழுத்தார்கள். பிறகு கூழ் முழுக்க அவருடைய மஞ்சள் வேட்டியில் கொட்டியது.

உறுமி நின்றது. ஒருத்தி, "அம்மன் கூழுல வெசத்த ஊத்திட்டா" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று குணவதிக்கு ஒழுங்காக நினைவில்லை. அய்யாவு மட்டும் அம்மன் முன்னால் போய் விழுந்து கிடந்தார். அதுதான் அவளை உறுத்தியது.

உறுமிக் குழுவுக்கு முன்னதாகவே ஒரு வாளி கூழ் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. தூரத்திலிருந்து பசியோடு வந்தவர்கள் என்று முதலில் கரைத்ததை மரத்தடியில் கொடுத்திருந்தார்கள். பிளீச் ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். குணவதி அவர்களிடம் போய், வயிறு கலங்கினால் உடனே கிளினிக்குக்குப் போகச் சொன்னாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது உறுமிக்காரர்களில் ஏழு பேர் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனையில் கிடந்தார்கள். கூழில் உப்புப் பார்த்த அய்யாவுவையும் அன்று மாலை அங்கே சேர்த்தார்கள். கோவில் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்திகள் வரிசையாக வந்தன. எல்லாம் ஒரே செய்தி. அந்தம்மா ஊற்றிய மருந்துதான் காரணம்.

குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். அவர்கள் குடித்தது நான் பிளீச் ஊற்றுவதற்கு முன்னால். ஊற்றிய பிறகு ஒருத்தரும் குடிக்கவில்லை. குடித்தவர்களுக்கு மட்டும்தான் நோய். இதை எழுதி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அனுப்பியதும் யாரோ பதில் போட்டார்கள்: "அப்ப நாங்க எரநூறு பேரு வந்தோமே, எங்களுக்கு ஒண்ணும் ஆவலயே. கெணறு கெட்டுப்போயிருந்தா எங்களுக்கும் ஆயிருக்கணும்லா." அதற்குக் கீழே இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நீங்கள்தான் குடிக்கவே இல்லையே என்று அவள் தட்ட ஆரம்பித்தாள். பாதியில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சுகாதார அதிகாரிகள் வந்து கிணற்றில் மாதிரி எடுத்துக்கொண்டு அதன் வாயை மூடிப் பலகை அடித்துப் போனார்கள். அவர்களுக்குத் தகவல் போனது மருத்துவமனையிலிருந்து. அவளே புகார் கொடுத்துக் கோவில் கிணற்றை மூட வைத்தாள் என்று அதையும் அவள் கணக்கில் எழுதினார்கள். அவளிடம் இட்லி மாவு வாங்குகிறவர்களில் மூன்று குடும்பம் நின்றுபோயிற்று. கேதரின் மட்டும் வழக்கமான இரண்டு பாக்கெட்டோடு கூட ஒன்று வாங்கினாள். அதை அவள் என்ன செய்தாள் என்று தெரியாது.

இதெல்லாம் குணவதிக்குப் பெரிதில்லை. இருபத்தொரு வருடத் தொழிலில் அவள் கண்ட உண்மை ஒன்றுண்டு. தண்ணீரைச் சரியாகச் சுத்தம் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அது அவளுக்குப் பழகிப்போயிற்று. பரஞ்சோதி பேசாமலிருந்ததுதான் அவளைத் தின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடுவார், மாத்திரை போடுவார், மேசைமேல் அவள் வைக்கும் போத்தலைத் தொடாமல் வெளியே போய்க் கடையில் மினரல் போத்தல் வாங்கி வந்து குடிப்பார். அது பரவாயில்லை, மூடி போட்ட தண்ணீர்தானே என்று அவள் விட்டுவிட்டாள். அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. வீம்பு என்றுதான் நினைத்தாள்.

பதினோராவது நாள் மருத்துவமனையில் ரத்தச் சோதனை. அவள் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனாள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் ரொம்ப நன்றாக இருக்கிறது, போன தடவையைவிட நன்றாக இருக்கிறது என்றார். இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பரஞ்சோதி டாக்டருக்கு நன்றி சொன்னார். மாத்திரைக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி என்றார். குணவதி சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வீட்டில் மினரல் போத்தல் தீர்ந்திருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் அவரால் கடைக்குப் போக முடியவில்லை. மாத்திரை நேரம். சமையலறை வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். பதினொரு நாளில் முதல் பேச்சு. காலையில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

பரஞ்சோதி டம்ளரை வாங்கினார். மாத்திரை இடது கையில் இருந்தது. குடிக்காமல் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"இதுல ஏதும் போட்டிருக்கியா?"

குணவதி அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். அவர் பார்க்க, நிதானமாக, பாதியைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மீதியை அவரிடம் நீட்டினாள்.

அவர் உடனே குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஒரு சிறுநீரகத்தோடு அவளும் அசையாமல் நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகு, அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.